சம்பூர்ணம் போட்ட கேஸ்

சம்பூர்ணத்துக்கு வாய் நீளம்தான். ஆனால் ஒட்டுக்கேட்கும் புத்தி கிடையாது. ஜமுனாமரத்தூருக்கு மேலே அவள் ஊரில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறையில். திருப்பூரில் வேலை செய்யும் மகன் வாங்கித் தந்த அவளுடைய போன்தான் பாதி ஊருக்கும் போன். யார் பேச வந்தாலும் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, குரல் கேட்காத தூரத்துக்குப் போய்விட வேண்டும். அது ஊர் வழக்கம். மழையில் நனைந்தபடி, புலம்பிக்கொண்டே தள்ளி நின்றிருக்கிறாள்.

ஒரு சந்தை நாளில் கல்பனா புளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டு, முன்பின் தெரியாத ஏட்டு ஒருவர் திரும்பினார்.

“கல்பனாதானே? கரு கலஞ்சிதே, ஒடம்பு தேறிடுச்சாம்மா?”

அக்கறையாகத்தான் கேட்டார் மகராசன். கல்பனாவுக்கு உயிரே போய்விட்டது. புருஷனுக்குக்கூடத் தெரியாத சங்கதி. பாறையில் நின்று அம்மாவிடம் மட்டும் சொன்னது.

“நீதானேக்கா ஒட்டுக்கேட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறே?” என்று நேரே சம்பூர்ணத்திடம் வந்து கேட்டாள். சத்தியம் செய்தும் நம்பவில்லை. மற்ற பெண்களும் பாறைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். திருடி என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பாள். இது ஆறவில்லை.

செம்மரக் கேஸ்களுக்காக மலைக்கு வரும் வக்கீல் பூவிழியிடம் சொல்லி அழுதாள்.

“மரம் வெட்ட ஆள் அனுப்புறது யாருன்னு கண்டுபிடிக்க போலீஸ் பாதி ஊரும் பேசுற உங்க போனை ஒட்டுக்கேட்டிருக்கும். அதுக்கு உள்துறைச் செயலாளர் உத்தரவு வேணும். இருக்கான்னு ஐகோர்ட்ல கேட்போம்,” என்றார் பூவிழி. அந்தரங்க உரிமை என்று இன்னும் ஏதேதோ விளக்கினார்.

“உரிமை இருக்கட்டுங்க. நான் கேக்கல, அவங்கதான் கேட்டாங்கன்னு அவங்க வாயால சொல்லணும். அது போதுங்க.”

கேஸ் விசாரணைக்கு வந்த அன்று கல்பனாவை வம்படியாகச் சென்னைக்கு இழுத்துப் போனாள். அரசு வக்கீல் எழுந்து, மாதக்கணக்கில் கேட்டது உண்மை, உத்தரவு வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அது சட்டவிரோதம், பதிவுகளை அழித்துவிடுங்கள் என்றார் நீதிபதி. எல்லாவற்றையும் பூவிழி இருவருக்கும் தமிழில் சொன்னார்.

வெளியே வராந்தாவில் சம்பூர்ணம் நிமிர்ந்து நின்று, “இப்ப இன்னா சொல்றே?” என்றாள்.

கல்பனா தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினி ஆம்பளைங்க கேட்டிருப்பாங்கக்கா?”

சம்பூர்ணத்துக்கு ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

“நீ கேட்டிருந்தாக்கூடப் பரவால்லியேக்கா,” என்று கல்பனா அழுதாள்.