பதின்மூன்றரை வயது வித்தியாசம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் கலக்கும். அன்று காலை கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டபோது உப்பிட்டு என்று இங்கே சொல்லும் உப்புமாத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரையும் நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துக்கொள்ள அவள் விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்த மாதிரிதான், இனி பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று மைசூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அம்மா, இமிக்ரேஷன் ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. சும்னே பயப்படாதே,” என்றாள். மைசூரில் வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி கன்னடம். “உனக்கும் எனக்கும் வயசுக் கணக்கு இடிக்குதாம். பேப்பர்படி பார்த்தா பதிமூணரை வருஷம்தான் வித்தியாசம். நீ நிஜமா என்னோட அம்மாதானான்னு கேக்கறாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுது. பெங்களூர் போய், வாய்க்குள்ள பஞ்சு விட்டு ஒரு துடை, அஷ்டே, அவ்வளவுதான். நீ, அப்பா, நான், மூணு பேரும்.”

அவள் சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. நான் தட்டை வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

வயசுக் கணக்கு இடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் என் அப்பாவிடம், “பின்னால வேலை கீலைக்கு உதவுமுங்க” என்று சொல்லி இரண்டு வருஷத்தைக் குறைத்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தானே போட்டுக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்தோம். மகள் விஷயத்தில் தலைகீழ். நான் ஊதுபத்திக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தபோது அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஒன்றரை வயதைக் கூட்டிச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் தள்ளிவிட்டோம். அங்கே குறைத்தது, இங்கே கூட்டியது எல்லாம் சேர்ந்து நான் பதின்மூன்றரை வயதில் பிள்ளை பெற்றவள் ஆகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாருடைய காகிதத்தை எடுத்தாலும் இப்படி ஏதாவது ஒரு கூத்து இருக்கும்.

விவரமாக ஒரு கடிதம் எழுதினால் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் தப்பான கணக்கை வைத்துக்கொண்டு அவர்கள் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நான் அவளைப் பெறவில்லை.

பெற்றவள் என் அக்கா. கல்யாணமாகி மைசூருக்குப் போனவள், பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்த பதினோராம் நாள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். குழந்தையை முன்பின் தெரியாத ஒருத்தி கையில் கொடுக்க மனசில்லாமல், ஐந்தாம் மாதம் பெரியவர்கள் என்னை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். எனக்கு நிஜத்தில் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. அக்காவின் புருஷனை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே இன்றுவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு யாரும் படம்கூட எடுக்கவில்லை. மறுநாள் சாமராஜநகர் வழியாக மைசூருக்கு பஸ் ஏறினோம், குழந்தை என் மடியில். புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டுத் தெருவில் எல்லோரும் நான் பெற்றவள் என்றே எடுத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் கேட்டார்கள், மாமா என் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாக் காகிதத்திலும் அதுவே ஏறியது.

எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வருஷம் இல்லை. பத்து வயதில் சொல்லலாம், பெரியவளானதும் சொல்லலாம், கல்யாணத்துக்கு முன்னால் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஊரில் விசேஷம் என்று போனால் அவளை என் பக்கத்தைவிட்டு நகரவிட மாட்டேன். யாராவது வாய் தவறி என்னை அவளுக்குச் சித்தி என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று பந்தியில் சோறு இறங்காது. அக்காவின் ஒரே படம் பீரோத் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் கிடந்தது. புரட்டாசியில் அக்கா போன நாளன்று மட்டும் ஒரு புடவை வைத்து, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுட்டுப் படைப்பேன். யாருக்கு என்று மகள் கேட்டால் குலசாமிக்கு என்பேன். படைத்த கச்சாயத்தில் பாதிக்கு மேல் தின்றவள் அவள்தான்.

நான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது மாமா போனை வைத்துவிட்டிருந்தார்.

“வுட்டுரலாம். எனக்குக் குளுரு ஒத்துக்காது, நாங்க வரலீன்னு சொல்லிப்போடு,” என்றார்.

உடனே தலையாட்டினேன். பயந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த நாள் குளிரைப் பற்றி மகளிடம் அப்படியே ஒப்பித்தேன்.

“ரெண்டு வருஷமா இதுக்காக நாய் மாதிரி ஓடிட்டிருக்கேன். கீழே உங்க ரூமுக்குத் திரை கூட வாங்கித் தெச்சு மாட்டிட்டேன். இப்போ குளிரா? என்னோட இருக்கறதுக்கு உனக்கு இஷ்டமில்லேன்னா நேரா சொல்லும்மா,” என்று அழுதாள்.

சோதனைக்குப் போனால், யாரோ ஒரு ஆய்வகக்காரன் அனுப்பும் காகிதத்தைப் பார்த்து அவள் விஷயத்தைத் தெரிந்துகொள்வாள். போகாவிட்டால், அம்மாவுக்கு நான் வேண்டாதவள் என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் மென்று விழுங்கினேன். மாமா ராத்திரி தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டுப் போனை எடுத்தேன். அதை மேசைமேல் படுக்கவைத்து, முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்கும்படி கூப்பிட்டேன். மாமா செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் செருப்பு காணாமல் போகும்.

“கண்ணு, அந்த டெஸ்ட்டு எடுத்தா நான் உன்ற அம்மான்னு வராது,” என்றேன்.

“அப்படின்னா?”

சொன்னேன். மனசுக்குள் அடுக்கிவைத்த வாக்கியமெல்லாம் மறந்துபோய், பஸ், ஜன்னி, பள்ளிக்கூடம், கல்யாணம் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன்.

“வருஷா வருஷம் அந்தப் படையல்...” என்றாள்.

“ஆமா சாமி. உங்கம்மாவுக்குத்தான்.”

இன்னொருத்தியை அவளுக்கு அம்மா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. வாட்ஸாப்பில் அவள் கடைசியாக வந்துபோன நேரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. வீட்டில் உட்கார முடியாமல் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லிகைக்குக் காசு கொடுத்துவிட்டுப் பூவை வாங்காமலே நடந்தேன், பூக்காரி “அம்மா, ஹூவு!” என்று பின்னாலேயே கத்தினாள். மகளுடைய அப்பாவின் மனைவி என்ற முறையில் நான் கனடா போக வழி உண்டு என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தாலும் என் வயிறு அடங்கியிருக்காது. கனடா கிடைக்காமல் போகட்டும். இனி அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாள்? ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

அதற்கு அடுத்த நாள் காலை ஒரு வரி வந்தது. “அவங்க போட்டோ இருக்கா?” அவ்வளவுதான். எதை எழுதினாலும் அம்மா என்று தொடங்குகிறவள். அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன், அந்தச் சொல் இல்லை.

பீரோவிலிருந்த புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, காகிதத்தைத் தூக்கிப் படத்தை எடுத்தேன். வளைகாப்பன்று சத்தியமங்கலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், ஒரே ஜாடை. இடது கன்னத்துக் குழி மட்டும் அவளுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. என் மகளுக்கும் உண்டு. அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ பேர் அம்மா ஜாடை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மூன்று தடவை எடுத்தும் படம் ஆடிப்போனது. கடைசியில் மாமா என் கையிலிருந்து போனை வாங்கி எடுத்து அனுப்பினார். அவரும் அந்த முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது, உடனே போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். எடுக்கவே பயமாக இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

“கை நிறைய வளையல் போட்டிருக்கறது அவங்களா?”

“ஆமா.”

“பக்கத்துல தாவணி கட்டிட்டு, அவங்க கையைப் பிடிச்சிட்டு நிக்கறது?”

“நான்தான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இத்தனை சின்னப் பொண்ணாம்மா நீ?” என்றாள்.