சங்கம் போட்ட சரிவு

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வராது. ஒரே வீட்டில் கீழே அவள் குடும்பம், மேலே என் குடும்பம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணி காயப்போடும் கொடி வரை எங்களுக்குள் வராத சண்டை இல்லை. ஆனாலும் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் அவளை அக்கா என்பேன். தெருவுக்கே அவள் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் காரோடு நிற்காது. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது வளவளவென்று பேச ஆரம்பித்தால் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சங்கத்துக்கு அவள் செயலாளர். மருந்துக்கடைக்காரர் தலைவர். நான் இணைச் செயலாளர், அதாவது நாற்காலி தூக்குகிறவள்.

நாற்காலியை ஏன் தூக்க வேண்டும்? அது அவள் போட்ட சட்டம். எங்கே பிரச்சினையோ அங்கேதான் கூட்டம். தெருவிளக்கு எரியவில்லையா, கம்பத்தடியில் உட்காரு. குப்பைத்தொட்டி நாறுகிறதா, அதன் பக்கத்தில் உட்காரு. மூக்கைப் பொத்திக்கொண்டு எவன் ஒரு மணி நேரம் பேசுவான்? பத்து நிமிடத்தில் முடிவு வந்துவிடும்.

அன்று தையல்காரர் வீட்டு வாசலில் கூட்டம். தெருக்கோடியில், பள்ளத்தில் இருக்கிற வீடு. முதல் நாள் மழையில் மறுபடியும் உள்ளே தண்ணீர். செங்கல் மேல் ஏற்றிவைத்த தையல் இயந்திரம், கட்டிலுக்கு மேல் நாற்காலி, நாற்காலிக்கு மேல் அரிசி டப்பா. தவழ ஆரம்பித்திருக்கும் பேத்தியை மருமகள் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அந்தப் பெண் கறார் பேர்வழி.

"இன்னொரு தடவ வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நானும் புள்ளையும் கிளம்பிடுவோம். எங்க வீட்டுக்காரரும் வரேன்னுட்டாரு. வேற வீடு பாத்தாச்சு. பெட்டிகூடக் கட்டிட்டேன்" என்றாள்.

தையல்காரருக்கு மனைவி இல்லை. அவர் எங்களைப் பார்த்துப் பேசவில்லை. பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு, "வீடு போனாக்கூடப் பரவால்லம்மா. இது போயிட்டா நான் யாரோட பேசுறது?" என்றார்.

தலைவர் வழக்கம்போல வானத்தைக் குறை சொன்னார். "இப்பல்லாம் மழையே ஒரு மாதிரிதான் பெய்யுது. நாம என்ன பண்ண முடியும்?"

அக்காவின் கால் தரையை அழுத்தியது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் மழை பேஞ்சுது. அப்ப இவர் வீட்டுக்குள்ள வரல. நடுவுல என்ன மாறுச்சு?"

அவள் எதிர் வீட்டில் கடப்பாரையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாங்களும் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி ஏறுவதற்கு ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. அதன் அடியில்தான் சாக்கடை ஓட வேண்டும். முதல் வீட்டுச் சரிவின் பக்கவாட்டில் குத்தினாள். ணங். அடுத்த வீடு, ணங். அதற்கடுத்ததும் ணங். ஒன்றிலாவது உள்ளே ஓட்டை இருக்க வேண்டுமே! கெட்டிச் சுவர் மாதிரி அடைத்துக் கிடந்தது. கடைசியில் எங்கள் வீட்டு வாசல். அதுவும் ணங்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்தச் சரிவுகள் போன வருடம் எங்கள் சங்கம் செய்த முதல் சாதனை. ஆளுக்கொரு கொத்தனார் எதற்கு, தெரு முழுக்க ஒரே மாதிரி அழகாகப் போட்டுவிடலாம் என்று அக்காதான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினாள். அடியில் குழாய் வைப்பார் என்று நாங்கள் நினைத்தோம். சொல்லாததை ஏன் வைக்க வேண்டும் என்று கொத்தனார் நினைத்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சாக்கடை அடைபட்டதால் தண்ணீரெல்லாம் ரோட்டோடு ஓடித் தையல்காரர் வீட்டில் குடியேறிவிட்டது.

தலைவர் அவளைத் தனியாக இழுத்தார். "இத வெளிய சொல்லாதம்மா. சங்கம்னா ஒரு மரியாத இருக்கு. நாமளே கெடுத்தோம்னு ஆயிடும்."

"நாமதானே கெடுத்தோம்? மானம் போனா போகட்டும், முதல்ல தண்ணி போகணும்."

அவள் முகம் சிவந்திருந்தது. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்றால்கூட அவள் அப்படி நின்றிருக்க மாட்டாள். நேராகத் தையல்காரரிடம் போனாள். "அண்ணே, உங்க வீட்டுக்குத் தண்ணிய அனுப்பினது நாங்கதான். நான்தான் முன்ன நின்னு செஞ்சேன். சரி பண்ணித் தரேன்" என்றாள். அவர் பதறிப்போய்க் கையை எடுத்துக் கும்பிட, "கும்பிடாதீங்க, திட்டுங்க" என்று அதட்டினாள்.

வீட்டில் அவள் கணவர் குதித்தார். "நம்மளுத எதுக்கு முதல்ல ஒடைக்கணும்? காரு எப்படி ஏறும்?"

"ஊருக்குத்தான் உபதேசம்னு எவனும் சொல்லிடக் கூடாது. ஊருக்கே ஓட்டச் சொல்லித் தரேன், என் காரை ஏத்த எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலையில் எங்கள் வாசல் சரிவு உடைந்தது. முதல் அடி அவளுடையது, இரண்டாவது என்னுடையது. அடேயப்பா, என்ன கெட்டி! அதற்குப் பிறகு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? வரிசையாக உடைத்தார்கள். சரிவு இருந்த இடத்தில், தூக்கி வைக்கிற மாதிரி இரும்புக் கம்பிச் சட்டம் போட்டார்கள். தலைவர் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் வாசலில் நான் நாற்காலிகளை இறக்க ஆரம்பித்ததும், "சரி, சரி, ஒடைங்கம்மா" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது, சாயங்காலம். சும்மா தூறல் இல்லை, கொட்டித் தீர்த்தது. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வாடி" என்றாள். ஒரே குடையில் இரண்டு பேரும் நனைந்துகொண்டு ஓடினோம். சாக்கடையில் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஆனாலும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தையல்காரர் மருமகள் கட்டிவைத்த பெட்டியைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும்.

கதவு திறந்திருந்தது. அவசரத்தில் அக்கா கூப்பிடக்கூட இல்லை, விறுவிறுவென்று கூடத்தின் நடுவரைக்கும் போய் நின்றாள். தையல்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியை நோக்கிப் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

"என்னக்கா நீங்க! காலத் துடைச்சிட்டு வரக் கூடாதா? புள்ள தவழுற எடம், தரையெல்லாம் ஈரம் பண்றீங்களே!"

தெருவையே அதட்டுகிற என் ஓரகத்தி, வாசலுக்குத் திரும்பிப் போய், மிதியடியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்தாள்.