மேட்டு வீட்டுக் குழாய்

ராமதாஸ் குடியிருக்கும் தெரு மலையடிவாரத்தில் சரிவாக ஏறிப் போகும். பதினோரு வீடு தாண்டி, தெரு திரும்பும் இடத்துக்கு மேலே கடைசியாகப் பச்சையம்மாள் வீடு. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அவள் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் வரும். குழாயில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வரத் தொடங்கியதும் கதை தலைகீழாகிவிட்டது. எல்லார் வீட்டையும் தாண்டி மேலே ஏறினால்தான் அவளுக்கு.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு, கல்யாணமான கையோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து ராமதாஸ் இங்கே வந்தபோது தெருவுக்கே ஒரு குழாய்தான். அங்கே பச்சையம்மாள் வைத்ததுதான் சட்டம். முதல் நாள் குடத்தோடு திகைத்து நின்ற அவன் பெண்சாதி ரேவதியை, "புதுப்பொண்ணு, ஊரு தெரியாம நிக்குது. அதுக்கு வுடுங்கடி" என்று வரிசைக்கு முன்னால் இழுத்து விட்டாள்.

ராமதாஸ் ஏழாவதோடு படிப்பை விட்டவன். பள்ளம் தோண்டப் போய், பைப் வேலை கற்று, பிளம்பர் ஆனான். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது. பிறகு மாடிகள் எழும்பின, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாடகை அறைகள் கட்டினார்கள். தண்ணீர் போதவில்லை. குழாயில் நேராக மோட்டாரை மாட்டித் தெருப் பைப்பிலிருந்து உறிஞ்ச ஆரம்பித்தார்கள். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கம்மியாகும். அந்த வீட்டுக்காரரும் ராமதாஸைக் கூப்பிடுவார். இரண்டே வருடத்தில் பதினோரு வீட்டிலும் மோட்டார். அத்தனையும் அவன் மாட்டியது, படிக்கட்டுக்கு அடியில், வெளியே தெரியாமல். பதினோராவது அவன் வீடு.

மேட்டு வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது.

போன மாதம் பச்சையம்மாள் அவனைக் கூப்பிட்டாள். "நாலு தபா தண்ணி வுட்டாங்க, எனக்கு ஒரு சொட்டு ஏறல. பைப்பு எங்கனா அடைச்சிருக்கான்னு பாருப்பா."

அடைப்பு எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கடப்பாரையை எடுத்தான். அரை நாள் தோண்டி, நல்லாயிருந்த பைப்பை அறுத்து, புதுத் துண்டு போட்டு மூடினான்.

"பழைய பைப்புக்கா. மாத்திட்டேன்."

அவள் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கை கழுவி, கால் கழுவி, பழக்கத்தில் கடப்பாரையையும் கழுவி வாளியைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தான். கதவுக்கு உள்ளே மூன்று குடம் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் மிச்சமிருந்த நாலாவது குடத்துத் தண்ணீர்தான் அந்த வாளியில் வந்திருக்கிறது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த முறை தண்ணீர் விட்ட காலையில் ரேவதி சுவிட்சைப் போடப் போனாள். "போடாத" என்றான். மோட்டாரைக் கழற்றி வாசலில் வைத்தான். மற்ற பத்தும் உறுமிக்கொண்டிருந்தன. ஒன்றை மட்டும் கழற்றினால் மேட்டு வீட்டுக்கு எதுவும் ஏறாது. வீடு வீடாகப் போய் நின்றான்.

வாடகை அறை கட்டிய வல்லரசு விழுந்து விழுந்து சிரித்தார். "வெச்சவனும் நீ, எடுக்கறவனும் நீயா? இன்னா ராமதாசு, சாமி கீமி வந்துடுச்சா?"

"மேட்டு வீட்டக்காவுக்கு ஏறலண்ணே. ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்க."

"அன்னிக்கி மாட்டும்போது அந்த அக்கா ஞாபகம் வரலியா?"

தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றான். அவன் நகராததைப் பார்த்து, மற்றவர்களைப் போல வல்லரசும் கடைசியில் சுவிட்சை அணைத்தார்.

அவன் மேலே ஏறிப் போனபோது பச்சையம்மாள் வீட்டுக் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகியது. குடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவள் அவனைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"வா ராமதாசு! பாத்தியா, உன் புதுப் பைப்பு வேலை செய்யுது!"

அப்படியே திரும்பிப் போய்விடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது.

"பைப்பு இல்லக்கா. பைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. கீழ எல்லார் வீட்லயும் மோட்டாரு வெச்சு உறிஞ்சறாங்க. மாட்டனது நானு. என் வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு."

சிரிப்பு போய்விட்டது. குடம் நிரம்புவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கி இன்னாத்துக்குடா தோண்டன?"

நிரம்பிய குடத்தைத் தூக்கி வைக்க அவன் குனிந்தான்.

"தள்ளி நில்லு" என்றாள் பச்சையம்மாள். "அடுத்த குடம் வெக்கணும்."

தள்ளி நின்றான்.