ஜுனைதா மாமியின் கோழியும் சப்ரியின் டிஷ்ஷும்

இது உண்மைக் கதை. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் நடந்தது. ஆள் இருக்கிறான், வீடு இருக்கிறது, கூரையில் டிஷ்ஷும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். சொல்லும்போது அங்கங்கே கொஞ்சம் இழுபட்டிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் கரைவலை இழுக்கிற அளவுக்கு இழுக்கவில்லை. ஊருக்கே அண்ணனான இப்றாஹிம் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் சொன்னபடியேதான் இங்கேயும்.

சப்ரி டிஷ் பூட்டுகிறவன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கூரைகளில் நிற்கிற டிஷ்களில் பாதி அவன் கை பட்டவை. மற்றப் பாதியும் தன்னுடையவை என்றுதான் அவன் சொல்வான்.

"எனக்கென்னத்துக்கு சிக்னல் மீட்டர்? கண்ண மூடிக்கிட்டே சட்டலைட்டப் புடிப்பன். என்னக் கண்டா அது சலாம் சொல்லும்."

அப்படிப்பட்டவன் இருக்கிற வீட்டில்தான் மாரி தொடங்கினால் டிவி செத்துப்போகும். அது அவன் வீடு அல்ல, மனைவி றினோஸாவின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவான். மாமியார் ஜுனைதாவும் அங்கேதான். மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கக் கூடாது என்று பழைய வழக்கம் ஒன்று. பல வீடுகளில் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. ஜுனைதா மாமி மட்டும் அதற்கு இரும்புப் பூட்டுப் போட்டு, சாவியைக் கிணற்றில் எறிந்திருந்தாள்.

சப்ரிக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வாள். மகள் இல்லாத நேரம் முற்றத்துக் கோழியிடம் சொல்வாள்.

"கோழி, தண்ணி மோட்டர ஓடவிட்டிட்டு சில ஆக்கள் படுத்துக் கிடக்காங்க."

சப்ரி எழுந்து போய் மோட்டரை நிறுத்துவான்.

"கோழி, ராவைக்குச் சோறா புட்டா எண்டு கேளு."

"புட்டு" என்று சப்ரியும் கோழியைப் பார்த்தே சொல்வான். அந்தக் கோழி வாய் திறந்தால் காதிக் கோட்டில் பத்துத் தலாக் வழக்கு விழும்.

டிஷ் திருப்புகிற வேலைக்கு இந்த வழக்கம் ஒத்துவரவில்லை. சப்ரி பின்பக்கம் சமைக்கிற குசினிக் கூரையில் நின்று டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். மாமி முன்பக்கம் ஹோலில் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நடுவில் குசினி வாசலில் றினோஸா.

"புள்ள, வந்திட்டெண்டு சொல்லு!"

"என்ன உம்மா?"

"வந்திட்டெண்டு!"

"ஆரு வந்த?"

"படம்கா!"

றினோஸா கூரையைப் பார்த்து, "வந்திட்டாம்!" என்று கத்துகிறபோது சப்ரியின் கை சரியான இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருக்கும். அங்கேயே நட்டை இறுக்கிவிட்டுச் சிங்கம்போல் இறங்குவான்.

வெயில் காலத்தில் அது போதும். வானம் வெளித்திருந்தால் டிஷ் கொஞ்சம் கோணி நின்றாலும் படம் வரும். மாரி மேகம் இறங்கினால்தான் கோணல் பிடிபடும். படம் சதுரம் சதுரமாக உடைந்து, கடைசியில் வெறும் நீலத்திரை. சப்ரி வாடைக் காற்றைக் குறை சொல்வான், கடல் உப்பைக் குறை சொல்வான், சட்டலைட்டுக்குச் சளி, தடிமன் என்றுகூடச் சொல்வான். மழை விட்டதும் ஏறுவான், திருப்புவான், "ஆரு வந்த?" நடக்கும், மறுபடியும் தாண்டி இறுக்குவான். அடுத்த மழைக்கு மறுபடியும் நீலத்திரை.

போன மாரியில், மாமியின் பகல் நாடகத்தில் மணப்பெண் கழுத்தை நீட்டுகிற நேரம் பார்த்துப் படம் உடைந்தது. மழை விடவில்லை. பெண் கழுத்தை நீட்டினபடியே நாட்கணக்கில் நின்றாள்; நாடகத்தில் ஒரு கல்யாணம் முடிய ஒரு மாதம் போகும். ஒருநாள் சப்ரி பகல் சோற்றில் கை வைத்த நேரம் மாமி கோழியைக் கூப்பிட்டாள்.

"கோழி, சம்மாந்துறையில ஹாதிக் எண்டு ஒரு பொடியன் நல்லா டிஷ் பாக்கிறானாம். போன் எடுத்திட்டன். இப்ப வாறானாம்."

சப்ரி சோற்றுக் கையை உதறி எழுந்தான். டிஷ்காரன் இருக்கிற வீட்டுச் சுவரில் சம்மாந்துறைக்காரனின் ஏணி சாய்வதை ஊர் கண்டால், அதற்குப் பிறகு எவன் சப்ரியைக் கூப்பிடுவான்? நீலப் பொலித்தீன் ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு கூரைக்குப் பாய்ந்தான். மழை என்றால் மழையா? அன்றைக்குச் சொறிக்கல்முனை வயலில் கிடந்த விரால் மீனெல்லாம் மெயின் ரோட்டால் நடந்து கடல் பார்க்கப் போயின.

"றினோஸா! சொல்லு!"

றினோஸாவுக்கு அன்று பார்த்துத் தடிமனில் தொண்டை அடைத்திருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. துவாய்த் துண்டை எடுத்து வீசிக் காட்டினாள். முதுகைக் காட்டி நின்ற சப்ரிக்கு அது எங்கே தெரியும்? அவன் திருப்பத் திருப்ப, உள்ளே மணப்பெண் வந்தாள், போனாள். "வந்திட்டு புள்ள! போயிட்டு புள்ள!" என்று மாமி சொன்னதெல்லாம் மகளோடு நின்றுவிட்டது.

வாசல் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்தது. ஹாதிக். பின்னால் அலுமினிய ஏணி.

அதே நேரம் மணப்பெண் முழுசாக வந்தாள். நகை, பூ, கண்ணீர் எல்லாம் தெளிவு. மாமி மகளைப் பார்த்தாள். மகளிடம் குரல் இல்லை. கோழியைப் பார்த்தாள். அது நனையாமல் கூட்டுக்குள் இருந்தது. மணப்பெண்ணின் மூக்கு உடையத் தொடங்கியது.

"மருமகன்! தாண்டிட்டீங்க! கொஞ்சம் பின்னுக்கு! இன்னும்! ஆ, அதுதான்! ஆட்டாதீங்க, இறுக்குங்க!"

அந்தச் சத்தத்தில் கல்முனைச் சந்தையில் மீன் விலை கூறியவர்கள் வாயை மூடினார்கள். சப்ரிக்குக் கை விறைத்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் குரல் அவன் பக்கம் திரும்பினதில்லை. விறைத்த கை அசையவில்லை. அசையாத இடத்திலேயே நட்டை இறுக்கினான்.

ஹாதிக் ஏணியை அவிழ்க்காமல் கேட்டான்: "என்ன மாமி, வேல முடிஞ்சா?"

"ஓம் தம்பி. எங்கட மருமகன் பாத்திட்டார். நனையாம வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

'எங்கட மருமகன்' என்றதைக் கேட்டு, இறங்க மனமில்லாமல் சப்ரி கூரையில் நின்று நன்றாக நனைந்தான்.

அன்று முழுக்க மழை அடித்தது, படம் உடையவில்லை. மாமியின் வாயும் மூடவில்லை. கோழிக்குப் போய்க்கொண்டிருந்த சொல்லெல்லாம் நேரே வரத் தொடங்கின. "மருமகன், மோட்டர்! மருமகன், ஈரக் காலோட வராதீங்க! மருமகன், அதென்ன குறட்டை?" கோழி வேலையில்லாமல் கொழுத்துவிட்டது. சப்ரி சில நேரம் அதன் பக்கத்தில் குந்தி, "நீ எப்பிடி இதத் தாங்கின?" என்று கேட்பானாம்.

இப்றாஹிம் காக்காவின் கடையில் கதை இந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கோப்பை மேசையில் மோதியது. முர்ஷித். சம்மாந்துறை ஆள், ஹாதிக்கின் மச்சான்.

"பச்சப் பொய்! தாண்டிட்டு எண்டு சொன்னது எங்கட ஹாதிக். ரோட்டில நிண்டே டிஷ்ஷப் பாத்துச் சொன்னவன்."

"ரோட்டில நிண்டா ஹோலுக்க இரிக்கிற டிவி தெரியுமா உங்கட ஆளுக்கு?" என்றார் இப்றாஹிம் காக்கா. "ஏணியோட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவன்தானே!"

"ஒரு பொம்புளயிர சத்தத்துல டிஷ் பாத்தவனெல்லாம் ஒரு தொழில்காரனா?"

வெளியே மழை சடசடவென்று இறங்கியது. கடை டிவியில் பந்து வீச ஓடி வந்தவன் பாதியில் சதுரம் சதுரமாக உடைந்தான். நீலத்திரை.

"சப்ரிக்கு எடுக்கிறன்" என்று காக்கா போனைத் தூக்கினார்.

"காக்கா, ஹாதிக்குக்கு எடுங்க!" முர்ஷித் போனைப் பிடித்தார்.

"கைய எடும்!"

"எடுக்க ஏலா!"

"ரெண்டு பேரும் வேணா, மாமிக்கு எடுங்க!" என்று மூலையில் இருந்து யாரோ கத்த, உட்கார்ந்திருந்த வாங்கு புரண்டது, பிளேன்டீ முர்ஷித் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தில் கொட்டியது, அதற்குப் பிறகு யார் யாரை என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.