முன்னால் போகிறவரின் நிழல்

என் அக்கா ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள். பெரிய அதிகாரிகளின் கார் போகும்போது முன்னும் பின்னும் ஜோடி ஜோடியாக வண்டிகள் போகுமே, அந்தப் பாதுகாப்பு அணியில் இருக்கிறாள். பார்க்க அழகாக இருக்கும். ஒரே வேகம், ஒரே இடைவெளி. ஒருவர் சாய்ந்தால் அவருக்குப் பின்னால் வருபவரும் அதே அளவு சாய்வார்.

அதற்குக் காரணம் ஒரு கட்டளை. ஜோடியில் பின்னால் வருபவருக்கு அங்கே ‘நிழல்’ என்று பெயர். நிழல் தனக்கு முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. ரோட்டை அவர் பார்த்துக்கொள்வார், நிழல் அவரைப் பார்த்தால் போதும். காலை அணிவகுப்பில் ஒருவர் “நிழல்!” என்று கத்துவார். “விலகாது!” என்று எல்லோரும் பதில் கத்துவார்கள்.

அக்கா நிழலாக ஓட்டியது கட்டை என்பவருக்கு. ஆள் குள்ளம் என்பதால் அந்தப் பெயர். வண்டியை நிறுத்தினால் அவருக்கு ஒரு கால்தான் தரையைத் தொடும். அக்கா நல்ல உயரம். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், “உலகத்துலேயே தன்னைவிட நிழல் நீளமா இருக்கிறது எனக்கு மட்டும்தான் தங்கச்சி, அதுவும் உச்சி வெயில்ல” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைக் கொட்டுவாள். “பேசாம தின்னு. கொஞ்சமாவது வளருவ.”

கட்டை இப்போது இல்லை. ஒரு மலைப்பாதை வளைவில் அவர் வண்டி வெளிப்பக்கமாக ஒதுங்கி, கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தது. பின்னாலேயே அக்காவும் விழுந்தாள். அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். ரோட்டில் மணல் கிடந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். மணல் கிடந்தது உண்மைதான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அக்கா “மணல்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

தோள் கூடிவிட்டது, ஆள்தான் தேறவில்லை. ஒருநாள் அவளும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். கூட்டத்தில் என்னை விட்டுவிட்டு, முன்னால் போன யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தாள். அவர் சந்துக்குள் திரும்பியபோது அவளும் திரும்பினாள். அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது இவள் வாசலில் நின்றாள். “என்னம்மா வேணும்?” என்று அந்த மனிதர் கேட்டதும் திருதிருவென்று விழித்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

அந்த வருடம் அணியில் விழுந்தவர்கள் அதிகம். பலர் விடுமுறையில், சொந்த வண்டியில் விழுந்தார்கள். அதனால் ராணுவத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கை நாள் வாடகைக்கு எடுத்து, ஓட்டுபவர்களை அங்கே அனுப்பினார்கள். பந்தயத்துக்காக அல்ல. எதிரே லாரி வராது, குறுக்கே நாய் வராது, தவறு செய்தால் விழுவதற்கு ஓரத்தில் ஜல்லி கொட்டி வைத்திருப்பார்கள். அங்கே தவறிப் பழகினால் ரோட்டில் தவறாது என்பது எண்ணம். வீட்டுக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார்கள். அக்காவின் கணவரான மாமாவும் நானும் போனோம்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் முன்பு பந்தயம் ஓட்டியவர். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். முதல் வேலையாக வண்டிகளின் கண்ணாடிகளுக்கு டேப் ஒட்டச் சொன்னார். “பின்னாடி யாரு வர்றான்னு உங்களுக்கு எதுக்கு? கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும். வளைவு முடியிற எடத்தைப் பாருங்க.”

பிறகு ஒரு வேடிக்கை செய்தார். தானே முன்னால் ஓட்டினார். பெரிய வளைவு வந்ததும் திரும்பாமல் நேராக ஜல்லிக்குள் போய் நின்றார். பின்னால் வந்தவர்கள் வளைவில் திரும்பியிருக்க வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வரிசையாக ஜல்லிக்குள் இறங்கினார்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன்யா, நான் கெணத்துல குதிச்சா?”

“இடைவெளி விட்டுக் குதிப்போம் மாஸ்டர்” என்றது ஒரு குரல். வேலிக்கு வெளியே நாங்கள்கூடச் சிரித்தோம்.

இரண்டாவது தடவை போனபோது ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டார்கள். அக்கா மட்டும் ஜல்லிக்குள் போய்க்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவைதான் கடைசி என்று அணியின் கேப்டன் சொல்லிவிட்டார். “இன்னைக்கும் அதே கதைன்னா உன்னை ஸ்டோர்ஸுக்குத்தான் அனுப்பணும். எனக்கும் வேற வழி இல்லம்மா.”

அன்று காலையிலும் அக்கா மாஸ்டருக்குப் பின்னாலேயே போய் ஜல்லியில் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து வேலியோரம் வந்து உட்கார்ந்தாள். மாமா ராணுவ ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலையில் இருக்கிறார். எங்கே போனாலும் பையில் பஞ்சு இருக்கும்.

“கையைக் காட்டு.”

“ஒண்ணும் இல்லைங்க.”

“ஒண்ணும் இல்லாததுக்குத்தான் இவ்ளோ ரத்தமா? காட்டுன்னா.” அவர் ஜல்லித் துகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். “விட்டுடேன். ஸ்டோர்ஸ்ல உக்காந்து போர்வையை எண்ணு. முழுசா வீடு வந்து சேருவ.”

அக்கா சொன்னாள், “இது வராம போயிடுமோன்னு எனக்குப் பயம் இல்லைங்க. வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு.”

“என்ன சொல்ற?”

“எல்லாரும் ரெண்டு தடவையில கத்துக்கிட்டாங்க. அப்ப இது கத்துக்கக்கூடியதுதான. அன்னைக்கு உள்பக்கம் ரோடு காலியாத்தான் கெடந்துச்சு. அவன் விழுந்த பிறகும் எனக்குத் திரும்ப எடம் இருந்துச்சு. நான் ரோட்டைப் பாக்கவே இல்ல. அவன் வெளக்கைத்தான் பாத்தேன். அவன் மேலயே...” அவள் தலையைத் திருப்பி டிராக்கைப் பார்த்தாள். “இன்னைக்கு நான் திரும்பிட்டேன்னா, அன்னைக்கும் திரும்பியிருக்கலாம்னு ஆயிடும்ல?”

மாமா பஞ்சைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“ஆஸ்பத்திரியில கட்டையோட சட்டையைக் கத்தரிச்சது நான்தான. நெஞ்சுல டயர் தடம் இருந்துச்சு.”

இத்தனை மாதங்களாக ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இருவருக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் ‘மணல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமா அவள் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். பிறகு வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கேப்டன் ஒரு மாற்றம் செய்தார். அக்காவுக்குப் பின்னால் இன்னொருவரை ஓட்டச் சொன்னார். அவர் புதிதாக அணிக்கு மாறி வந்தவர். அதுவரை ராணுவ லாரி ஓட்டியவர், அக்காவைவிட வயதில் பெரியவர், நல்ல பருமன். மோட்டார் சைக்கிள் அவருக்குக் கீழே பொம்மை போலத் தெரிந்தது.

“ஆறு சக்கரம் வச்சிருந்தேன்மா. நாலைப் பிடுங்கிட்டு விட்டுட்டாங்க” என்றார் அக்காவிடம். “நீ கவலைப்படாத. உன் நிழல் நான். நீ எங்க போறியோ அங்க நான்.”

அக்கா அவரை வெறித்துப் பார்த்தாள்.

மூன்று வண்டிகள் கிளம்பின. முன்னால் மாஸ்டர், நடுவில் அக்கா, கடைசியில் லாரிக்காரர். ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் பெரிய வளைவு நெருங்கியபோது மாஸ்டர் நேராகப் போனார். மாமா “திரும்பு” என்றார், அதுவும் முணுமுணுப்பாகத்தான் வந்தது. அக்காவின் வண்டி மாஸ்டர் போன பக்கமே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. டேப் ஒட்டிய கண்ணாடியில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பின்னால் வரும் அந்தக் கனமான ஆளின் இஞ்சின் சத்தம் காதில் விழுந்திருக்கும். தான் விழுந்தால் தன் மேல் யார் ஏறுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஹெல்மெட் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. வண்டியும் அதன் பின்னே சாய்ந்தது. வளைவு முடியும் இடத்தில் அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே லாரிக்காரரும் வந்தார், அதே சாய்வு, அதே இடைவெளி.

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போடக் கேப்டன் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே லாரிக்காரரிடம் நடந்தாள்.

“வளைவு எந்தப் பக்கம் திரும்புச்சு?”

“என்னம்மா?”

“இப்ப ஓட்டிட்டு வந்தீங்களே, அந்த வளைவு. எந்தப் பக்கம்?”

லாரிக்காரர் சிரித்தார். “நீ திரும்பின பக்கம்தான். நான் உன் வெளக்கைத்தான பாத்தேன்.”

“மாஸ்டர் எங்க போனாரு?”

“முன்னாடி போயிட்டு இருந்தாரே. ஏன்?”

மாஸ்டர் ஜல்லிக்குள் கணுக்கால் புதைய நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

“ரெண்டு பேரும் சரியாத்தானே வந்தீங்க” என்றார் கேப்டன். “அணியில இதைத்தானே எதிர்பாக்குறோம்? கையெழுத்துப் போட்டுடறேன்.”

“போடாதீங்க சார்.” அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. “அன்னைக்கு மணல்ல விழுந்தது கட்டை மட்டும்தான் சார். நான் மணல்ல விழல. நான் அவன் மேல ஏத்தினேன். ரோடு காலியா இருந்துச்சு. நான் ரோட்டைப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு நீங்கதான் தெனமும் கத்தச் சொல்றீங்க. நாங்களும் கத்துறோம்.”

கேப்டன் சுற்றிலும் பார்த்தார். கை தட்டியவர்கள் யாரும் இப்போது அவரைப் பார்க்கவில்லை.

“என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா? இதை நான் மேல சொல்லணும். திரும்ப விசாரிப்பாங்க. அதுவரைக்கும் நீ வண்டியைத் தொட முடியாது.”

“சொல்லுங்க.”

“கட்டையோட வீட்டுக்கும் தெரிஞ்சு போகும்மா.”

அக்காவின் வாய் கோணியது. “தெரியட்டும் சார்” என்று சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு லாரிக்காரரைக் காட்டினாள். “இவரைத் தனியா ஓட விடுங்க சார். முன்னால ஒருத்தரும் வேண்டாம். கெஞ்சிக் கேக்குறேன்.”

கேப்டன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். லாரிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் தனியாகக் கிளம்பினார். அவ்வளவு பெரிய டிராக்கில் அந்த ஒரு வண்டிதான். யாராவது முன்னால் இருக்கிறார்களா என்று அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தையின் தலை அப்படித்தான் ஆடும். வளைவு நெருங்க நெருங்க வண்டி தள்ளாடியது. அக்கா வேலியை ஒட்டி ஓடினாள். முழங்கைக் கட்டு அவிழ்ந்து தொங்கியது.

“அங்க பாருங்க! முடியிற எடத்தைப் பாருங்கண்ணே! வேற எதையும் பாக்காதீங்க!”

தொண்டை கிழியக் கத்தினாள். இஞ்சின் சத்தத்தில், ஹெல்மெட்டுக்குள், அவருக்கு ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. அவள் நிறுத்தவில்லை.