மஞ்சளுக்கு அடங்காத ஒழுக்கு

என் மக்களே, உங்கள் அம்மா இன்றைக்கு உங்களைத் திட்டிக்கொண்டு வீட்டில் நடமாடுகிறாள் என்றால், அது நம் எல்லையம்மன் கொடுத்த உயிர். எப்படிக் கொடுத்தாள் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு நாலாம் கிளாஸ் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அப்போது சிறுசுகள். அம்மா துரை வீட்டுக் குழந்தைக்கு ஆயாவாக நீலகிரிக்குப் போயிருந்தாள். கோடை முடிந்து துரை குடும்பம் இறங்கிவிட்டது. அவள் இறங்கவில்லை. நெஞ்சில் நீர் கோத்து, அங்கே ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். கார்த்திகைக் கடைசியில், அவளோடு வேலை பார்த்த ஆயா கடுதாசி போட்டாள். "உட்கார முடியவில்லை. படுக்க வைத்துத்தான் இறக்க வேண்டும். குளிர் முற்றினால் தாங்கமாட்டாள் என்கிறார் டாக்டர். இங்கே பனி அதிகம்."

பனி என்றால் எனக்குத் தெரிந்தது பூந்தமல்லிப் பனிதான். மார்கழி விடியலில் தலை நனையும். துண்டு கட்டினால் தீர்ந்தது. அந்த அறிவோடுதான் புறப்பட ஏற்பாடு செய்தேன்.

நான் ஓட்டிய, கத்தரிக்காய் ஏற்றும் வேனை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். உள்ளே பலகை அடித்து, வைக்கோல் பரப்பி, கோணி விரித்துப் படுக்கை செய்தேன். அடுப்பு, அரிசி, பானையில் தண்ணீர், இரண்டு துண்டு. எல்லாம் ஆயிற்று. இன்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் நிற்கும் ரேடியேட்டர் மட்டும் அடியில் சொட்டியது. ஈயம் வைத்துப் பற்றவைத்தும் நிற்கவில்லை. மஞ்சள் தூள் போட்டு அடைப்பது டிரைவர்கள் வழக்கம். நான் எல்லையம்மன் கோவில் மஞ்சளையே கரைத்து ஊற்றினேன்.

கரையான்சாவடி லாரி டிரைவர் ஏகாம்பரம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமே, வண்டி வயசுக்கு வந்துடுச்சா? மஞ்சத் தண்ணி ஊத்திகினு கீறே?"

"ஒழுக்க அடைக்கிறேன்டா. அம்மன் அடைப்பா."

"அவ எல்லையம்மன் மாமே. அவ எல்லை ஏரிக்கரையோட சரி. மலை மேல அவளுக்கு இன்னா வேலை? ஒண்டியாப் போய்ச் சாவாதே."

எனக்குச் சுருக்கென்றது. "நான் எங்க வண்டிய நிறுத்துறனோ, அதான்டா அவ எல்லை!" என்றேன்.

மூன்று நாள் ஊற்றினேன். சொட்டு நிற்கவில்லை. கோவிலில் போய் நின்று சண்டை போட்டேன். "ஒரு சொட்ட நிறுத்த உனக்கு வக்கில்லையா? வந்தா வா. வராட்டியும் நான் போறேன்." அழவில்லை. அழுதால் போகாமல் நின்றுவிடுவேன் என்று பயம்.

ஒண்டியாகவே போனேன். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஐந்தாம் நாள் மாலை மலை ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது, காலையில்தான் அழைத்துப் போகலாம் என்றார்கள். காலையில் கிளம்பத் தோதாக, எங்கள் வழக்கப்படி ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளை. வெளியே வைத்த பானையில் டம்ளரை விட்டேன். ணங்கென்றது. தண்ணீர் கல்லாகிக் கிடந்தது! ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. "இதையும் பிடுங்கிக்கினியா?" என்று அம்மனைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரிக் காவல்காரர் ஓடிவந்தார். "ராத்திரி தண்ணிய எறக்கி உட்டீங்களாங்கண்ணா?"

"இல்லீங்க. அதுவே ஒழுகிப் பூட்ச்சு."

"புண்ணியம் பண்ணிருக்கீங்க. இருந்திருந்தா அதுவும் இப்படித்தான் உறைஞ்சு, இன்ஜினையே பொளந்திருக்கும். அப்புறம் அந்தம்மாவ எதுல கொண்டு போவீங்க?"

மூன்று நாள் மஞ்சள் ஊற்றியும் அம்மன் ஏன் அடைக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. திட்டிய வாயால் அங்கேயே அவளைக் கும்பிட்டேன்.

வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினேன். அம்மாவைத் தூக்கிவந்து படுக்க வைத்தோம். அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இன்னாய்யா, கத்திரிக்கா நாத்தம் அடிக்குது?"

மக்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று சாமியை விட்டுவிடாதீர்கள். சண்டை போடுங்கள். ஆனால் கிளம்புங்கள். யார் சிரித்தாலும் கிளம்புங்கள். அதற்குப் பிறகு பயந்து எந்தக் காரியத்தையும் நான் விட்டதில்லை.

பொங்கலுக்கு முன்பே அம்மா தானாக எழுந்து கிணற்றடிவரை நடந்தாள். மறுநாள் விடியலில், அம்மனைத் திட்டியதற்குப் பரிகாரமாக, யாருக்கும் சொல்லாமல் அவள் எல்லையான செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன். பல் தந்தியடித்தது. நூறு எண்ணும்வரை கரை ஏறவில்லை.