எக்ஸ்ரே சார் அடித்த வரி

கணக்கு வாத்தியாருக்கு எக்ஸ்ரே சார் என்று பெயர் வைத்தது யாரென்று அவரும் பல வருடம் துப்புத் துலக்கிப் பார்த்தார். ஆள் அகப்படவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான். மூடிய பை ஒன்றைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கு மூன்று யோசனை வரும், மூன்றும் கெட்ட யோசனையாகவே இருக்கும். பழக்கடைக்குப் போனால் மேலே அடுக்கியிருக்கும் பழத்தைத் தொட மாட்டார், அடியில் இருப்பதை உருவுவார். பிறகு, இப்படி உருவுவோம் என்று தெரிந்தே கடைக்காரன் சொத்தையை அடியில் வைத்திருப்பானோ என்று அதையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர் பொய் சொல்லுதும்பீங்க" என்பாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. ஒருமுறை அவர் அப்படிச் சொன்னதும் உண்டு.

பிறவியிலேயே மனுஷன் இப்படி இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் பிரிவு விழாவில் மேடையேறி ஆளுக்கொரு உயில் படிப்பார்கள். எல்லாம் வேடிக்கைக்குத்தான். ஆனால் அதில் ஒரு கறாரும் உண்டு. யார் பெயருக்கு எழுதியிருக்கிறதோ அந்தச் சின்னப் பிள்ளை எழுந்து நின்று "ஏற்கிறேன்" என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் பின்வாங்கக் கூடாது. பஸ்ஸில் வெயில் அடிக்கிற ஜன்னலோர இடத்தை உயிலில் வாங்கிய ஒருவன் இன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்து கருகிக்கொண்டிருக்கிறான். மேடையில் படிக்காத உயில் செல்லாது. அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

உயில்களை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கிற பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இவர் தலையில் விழுந்தது. 'வேதியியல் கூடத்தின் வாசனையை அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டு அளிக்கிறேன்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அடடா, என்ன பரந்த மனசு என்று மெச்சி அனுமதித்தார். அந்த வரியைப் படித்த கையோடு பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் திறந்தான். அழுகின முட்டை நாற்றம் தாங்காமல் மண்டபமே வெளியே ஓடியது. சிறப்பு விருந்தினர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் இவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பங்கரையிலேயே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு அவர் அடித்த வரிகள் ஏராளம். அடித்த வரி ஒன்றுகூட உயிர் பெற்று எழுந்ததில்லை.

அவருடைய ஒரே மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அப்பா கிடையாது, சார்தான் என்பது அவர் போட்ட சட்டம். அவளும் மீறியதில்லை. சின்னதில் ஓயாமல் பேசிய குழந்தை, கொஞ்ச காலமாக வாயைத் திறப்பதில்லை. "இன்னைக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சு?" என்று சாயங்காலம் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று ஒரே பதில்.

"ஒண்ணுமில்லைன்னு ஒருத்தி தினமும் சொன்னா, என்னமோ இருக்குன்னு அர்த்தம்" என்றார் மனைவியிடம்.

"இருக்கும். அதை உங்ககிட்ட சொல்ல இஷ்டமில்லைன்னும் அர்த்தம்" என்றாள் அவள், சட்னிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

இந்த வருட உயில்கள் வந்தன. ஒருத்தன், விடுப்புக் கேட்பதற்காக வருடா வருடம் சாகடித்த தன் பெரியப்பாவைத் தம்பி ஒருவனுக்கு எழுதி வைத்திருந்தான்: 'இன்னும் இரண்டு தடவை சாக அவர் உடம்பில் தெம்பு இருக்கிறது. பார்த்துப் பயன்படுத்தவும்.' சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பையும் சந்தேகப்பட்டு அந்த வரியை அடித்தார். அடுத்தது 'ரேடியோ' எழுதியது. வகுப்பில் வாய் மூடாமல் பேசி, அதிக நேரம் வெளியே நின்று பட்டம் வாங்கிய பெண் அவள்.

'தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மதியம் நான் உட்காரும் இடத்தை, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு கொசுவுக்கு விட்டுச் செல்கிறேன். அங்கே ஏற்கெனவே இருப்பதும் அதில் சேர்த்தி. ஒரு நாள்கூடத் தனியாக விடக் கூடாது.'

கொசு என்பது அந்த வகுப்புப் பொடிப்பெண் ஒருத்தியின் பட்டப்பெயர். எக்ஸ்ரே சாருக்கு உள்ளங்கை அரித்தது. அங்கே ஏற்கெனவே இருப்பது என்ன? தனியாக விடக் கூடாது என்றால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்றுதானே பொருள்? செல்போனா, சிகரெட்டா, அதற்கும் மேலே ஏதாவதா? ரேடியோவைக் கூப்பிட்டார்.

"தொட்டிக்குப் பின்னால என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வைக்கல சார். நிழலா இருக்கும்."

"நிழலுக்கு எதுக்கு உயில்?"

ஊரையே பேச்சில் வாங்கி விற்கிற பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

அது போதாதா? நெருப்பில்லாமல் புகையுமா? சிவப்புப் பேனா வரியின் தலையிலிருந்து கால்வரை ஓடியது. ரேடியோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ப்ளீஸ் சார்" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் கண் கலங்கியதை அவரும் பார்த்தார். எத்தனை பெரிய சமாச்சாரமாக இருந்தால் அழுகை வரும் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் மதிய மணி அடித்ததும் ரேடியோவை ஒரு வேலையாக அலுவலக அறைக்கு அனுப்பினார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிள் நிறுத்துமிடம் வழியாகச் சுற்றிப் போனார். தொட்டிச் சுவரில் பாசி. ஒழுகிய தண்ணீர் காலை நனைத்தது. கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசையில் அது அவருக்கு உறைக்கவில்லை. சட்டென்று தொட்டியின் பின்பக்கம் திரும்பி நின்றார்.

அங்கே அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் வாங்கிக் கொடுத்த டிபன் பாக்ஸ். பக்கத்தில் ரேடியோவுக்காக விரித்த காகிதம் காலியாகக் கிடந்தது. வாயில் போட்டதை விழுங்கிவிட்டு அவள் எழுந்தாள்.

"குட் ஆஃப்டர்நூன், சார்."

அந்த 'சார்' அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. "நீ இங்க என்னம்மா பண்ற?"

"சாப்பிடறேன்."

"ஏன், கிளாஸ்ல உட்காரலாமே?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். பிறகு வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள். "பின் பெஞ்சுல சீட்டு விளையாடறாங்கன்னு ஒரு நாள் வீட்டுல சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மறுநாள் நீங்க வந்து எல்லாரையும் பிடிச்சீங்க. அதுலேர்ந்து நான் போனா எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. ரேடியோ அக்கா மட்டும்தான் எங்கூட உட்காருவாங்க. அவங்க போறாங்கல்ல. உயில்ல எழுதி மேடையில படிச்சுட்டா அந்தக் கொசு உட்கார்ந்துதானே ஆகணும்னு சொன்னாங்க." காலியாகக் கிடந்த காகிதத்தை மடித்தாள். "நீங்க அடிச்சிட்டீங்களாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தோண்டியவரே பூதம். எக்ஸ்ரே சார் கையில் செருப்போடு நின்றார். பெற்ற பிள்ளை சொன்ன சிரிப்புக் கதையை வைத்துப் பிள்ளைகளைப் பிடித்தவர், அதை அன்றைக்கே மறந்துவிட்டார். அவள் இங்கே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகையாக வந்தது.

அன்று சாயங்காலமே, வராந்தாவில் பிள்ளைகள் கூடி நிற்கும்போது, ரேடியோவிடம் உயிலை நீட்டினார். அடித்த வரிக்குப் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இதைப் படிம்மா."

ரேடியோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு சார்?" என்றாள் மெதுவாக. அவள் கேட்டதையேதான் ராத்திரிக்குள் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. எக்ஸ்ரே அடித்த வரி திரும்பி வந்ததா? சும்மாவா வரும்? கொசுவை அங்கே உட்கார வைத்து, அங்கேயே சாப்பிடுகிற மகள் மூலமாக வாயைப் பிடுங்கப் போகிறார் என்று ஒரு கட்சி. இல்லை, உயிலையே அவர்தான் எழுதிக் கொடுத்தார் என்று இன்னொரு கட்சி. அவர் வளர்த்த பிள்ளைகள் அல்லவா, பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள்.

விழா நாளில் ரேடியோ மேடையில் அந்த வரியைப் படித்தாள். மண்டபத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "கொசு எங்கேப்பா?" என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கொசு குனிந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசை முன்னால் அவர் மகள் நிமிர்ந்து, திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. ரேடியோ இரண்டாம் தடவை கூப்பிட்டாள். யாரும் எழவில்லை.

எக்ஸ்ரே சார் எழுந்தார். மேடைக்குப் போய் ரேடியோவின் கையிலிருந்த தாளை வாங்கினார். வரிசைக்குள் நுழைந்து, முழங்கால்களில் இடித்துக்கொண்டு, கொசுவின் முன்னால் நின்றார். 

"சார், நான் எதுவும் பண்ணல" என்றாள் கொசு.

"தெரியும்மா."

"இது நீங்க எழுதினதா சார்?"

"இல்லம்மா. அவ எழுதினது. நான்..." தாளை அவள் கையில் கொடுத்தார். "நான் இதை அடிச்சேன். பாரு."

கொசு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு மை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக ஓடியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள், அவளும் தேய்த்துப் பார்த்தாள்.

"நிஜமாவே அடிச்சிருக்கீங்களா சார்?"

"நிஜமாவே."

கொசுவின் முகம் தெளிந்தது. "சாரே அடிச்சிருக்காருன்னா, அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, மண்டபம் அதிர "ஏற்கிறேன்!" என்று கத்தினாள்.